விக்டோரியா காலத்து லண்டன் போலீஸில் சேர்ந்த எள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் லண்டனில் வசிக்கும் தமிழ்ப் பெண். கணவர் ஆங்கிலேயர். கணவரின் எள்ளுத்தாத்தா 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எசெக்ஸ் கிராமத்தில் பண்ணைக்கூலி. 1866 திருமணச் சான்றிதழில் லண்டனில் போலீஸ் கான்ஸ்டபிள். மாமியாரிடம் ஒரு பழைய போலீஸ் விசில் இருக்கிறது. பிள்ளைகளில் ஒருவர் மட்டும் வேல்ஸில் உள்ள பெம்ப்ரோக் டாக்கில் பிறந்திருக்கிறார். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 'அவர் எப்போது, எப்படி போலீஸில் சேர்ந்தார்? அந்த ஆவணம் எங்கே இருக்கும்?' என்பது கேள்வி.

உங்களிடம் இருக்கும் தகவல் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அந்த விசிலும் பெம்ப்ரோக்கும் எவ்வளவு பெரிய துப்பு என்பதைக் கீழே சொல்கிறேன். என் மருமகனின் குடும்பத்துக்காக இதே மாதிரி ஒரு கான்ஸ்டபிளைத் தேடி லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கற்றதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்தப் போலீஸ் என்பதை உறுதி செய்யுங்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஒரே போலீஸ் என்று ஒன்று கிடையாது. லண்டனுக்கு 1829-இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் கொண்டுவந்த மெட்ரோபாலிட்டன் போலீஸ். அதன் நடுவிலேயே 'சிட்டி' எனப்படும் ஒரு சதுர மைலுக்குத் தனியாக சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ். நகராட்சிகள் 1835 சட்டத்துக்குப் பிறகு தங்களுக்கென்று போலீஸ் வைத்துக்கொண்டன. மாவட்டங்கள் 1839 சட்டப்படி விருப்பம் இருந்தால் போலீஸ் அமைக்கலாம் என்று இருந்தது. 1856-இல்தான் அது கட்டாயமானது. ஒவ்வொன்றின் ஆவணமும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. மெட்ரோபாலிட்டன் ஆவணங்கள் கியூவில். சிட்டி போலீஸுக்கு லண்டன் ஆர்கைவ்ஸ் (2024 வரை இதன் பெயர் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கைவ்ஸ்). மாவட்டப் போலீஸ் என்றால் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகம். எல்லாரையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் மையப் பட்டியல் எதுவும் இல்லை.

உங்கள் ஆள் மெட்ரோபாலிட்டன் போலீஸ்தான் என்று நான் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். காரணம் பெம்ப்ரோக் டாக். அங்கே அரசு கடற்படைக் கப்பல் கட்டும் தளம் இருந்தது. 1860-லிருந்து கடற்படைத் தளங்களின் காவலை மெட்ரோபாலிட்டன் போலீஸே ஏற்றுக்கொண்டது. வூல்விச், சாத்தம், போர்ட்ஸ்மத், டெவன்போர்ட், பெம்ப்ரோக் எல்லாவற்றுக்கும் லண்டன் கான்ஸ்டபிள்கள் குடும்பத்தோடு மாற்றலாகிப் போனார்கள். லண்டன் போலீஸ்காரரின் குழந்தை வேல்ஸில் பிறந்ததைப் பார்த்து 'இது வேறு யாரோ, அதே பெயர்' என்று ஒதுக்கிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். நீங்கள் அந்தப் பிள்ளையை ஒதுக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. சிட்டி போலீஸ்காரர் அங்கே போயிருக்க மாட்டார்; எசெக்ஸ் போலீஸ்காரரும் போயிருக்க மாட்டார்.

சரி, சேர்ந்த ஆவணத்துக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்கு ஒரு சிக்கல். மெட்ரோபாலிட்டன் போலீஸில் ஒருவர் சேரும்போது ஆயுளுக்கும் ஒரே எண்ணாக ஒரு வாரண்ட் எண் தருவார்கள். முதல் எண் வில்லியம் அட்கின்சன் என்பவருக்குப் போனது. குடித்திருந்ததற்காக அவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எண் வாரியாகவும் பெயர் வாரியாகவும் சேர்ந்தவர்களுக்குப் பதிவேடுகள் இருந்தன. கியூவின் குறியீட்டில் இவை 'மெபோ' என்ற வரிசையில் வரும்; மெட்ரோபாலிட்டன் போலீஸ் அலுவலகம் என்பதன் சுருக்கம், ஆங்கிலத்தில் எம், ஈ, பி, ஓ என்ற நான்கு எழுத்துகள். சேர்ந்தோர் பதிவேடு மெபோ 4/333 முதல் 338 வரை. ஆனால் அது 1830 முதல் 1857 வரைக்கும், அப்புறம் 1878 முதல் 1933 வரைக்கும்தான் இருக்கிறது. நடுவில் 21 வருடம் இல்லை. உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்ட பேரேடு, மெபோ 4/352 முதல், 1869 பிப்ரவரியில்தான் தொடங்குகிறது. அதன் முதல் வாரண்ட் எண் 51491.

உங்கள் எள்ளுத்தாத்தா 1861 ஏப்ரலுக்கும் 1866-க்கும் இடையில் சேர்ந்திருக்கிறார். இரண்டு பதிவேட்டிலும் அவர் விழவில்லை. 1857-க்கும் 1869-க்கும் இடையிலான இடைவெளியின் நடுவில் இருக்கிறார். யாராவது பணம் வாங்கிக்கொண்டு 'சேர்ந்தோர் பதிவேட்டில் தேடித் தருகிறேன், இல்லை என்றால் அவர் போலீஸே இல்லை' என்று சொன்னால் நம்பாதீர்கள். பதிவேட்டில் இல்லாதது அவர் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

மற்ற வருடங்களில் சேர்ந்த முன்னோரைத் தேடுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1829 செப்டம்பர் முதல் 1836 வரை சேர்ந்தவர்களுக்கு உள்துறை அமைச்சக வரிசையில், ஹெச்ஓ 65/26, ஓர் அகரவரிசைப் பதிவேடு இருக்கிறது. 1857 வரைக்குமான சேர்ந்தோர் பதிவேட்டில் கிடைக்கும் பொக்கிஷம் பரிந்துரைத்தவர்களின் பெயரும் முகவரியும். பீல் ஆரம்பத்திலேயே சிபாரிசு வேலை வேண்டாம் என்று முடிவு செய்தவர். பிரபுக்களின் கடிதத்தை விட, அந்த ஆளை நேரில் அறிந்த பழைய முதலாளி, பாதிரியார், கடைக்காரர் ஆகியோரின் சான்றுதான் மதிக்கப்பட்டது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு அதே ஊரின் கணக்கெடுப்பைப் பார்த்தால் உங்கள் முன்னோர் யாருடைய பண்ணையில் வேலை பார்த்தார் என்பதே தெரிந்துவிடும். ஒரு கூலித் தொழிலாளியின் முதலாளி பெயர் வேறு எந்த ஆவணத்திலும் இப்படிச் சுலபமாகக் கிடைக்காது. 1889 முதல் 1909 வரை சேர்ந்தவர்கள் இன்னும் அதிர்ஷ்டசாலிகள்: மெபோ 4/361 முதல் 477 வரை உள்ள பணிச் சான்றிதழ்களில் உருவ அடையாளம், பிறந்த தேதி, முந்தைய தொழில், கடைசி முதலாளி, பிள்ளைகள் எத்தனை, மருத்துவரின் சான்று, எந்தெந்தப் பிரிவில் இருந்தார், ஏன் விலகினார் எல்லாம் ஒரே தாளில் வரும்.

உங்களுக்கு வேறு வழி. இப்போது அந்த விசிலைக் கையில் எடுங்கள். லண்டன் போலீஸ் முதல் ஐம்பது வருடத்துக்கும் மேலாக விசில் வைத்திருக்கவில்லை; மரக் கிலுகிலுப்பைதான், சுழற்றினால் கடகடவென்று சத்தம் போடும். 1884, 1885 வாக்கில்தான் பர்மிங்காமின் ஜே. ஹட்சன் நிறுவனம் செய்த விசில் வந்தது. உங்கள் விசிலில் மெட்ரோபாலிட்டன் போலீஸ் என்றும் ஹட்சன் என்றும் பொறித்திருந்தால், அது அவருடையதாகவே இருந்தால், அவர் 1885 சுமாருக்கும் பணியில் இருந்திருக்கிறார். 1860-களின் முதல் பாதியில் சேர்ந்தவர் 1885-இலும் இருந்தால் இருபது வருடத்துக்கு மேல் பணி செய்தவர். அப்படியானால் அவர் ஓய்வூதியம் வாங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஓய்வூதியப் பதிவேடு இருக்கிறது. மெபோ 21 என்ற வரிசை, 1852 முதல் 1932 வரை ஓய்வூதியத்தோடு விலகியவர்களுக்கு. என் கருத்தில் இந்தக் காலத்துக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. பிறந்த தேதி, ஊர், பெற்றோர், திருமணம், உயரம், முடி, கண், தழும்பு, சேர்ந்த நாள், விலகிய நாள், வாரண்ட் எண். அதாவது அவர் *விலகியபோது* எழுதிய தாளில்தான் அவர் *சேர்ந்த* நாள் உங்களுக்குக் கிடைக்கப்போகிறது. இந்தப் பதிவுகள் ஓய்வூதிய எண் வரிசையில், ஏறத்தாழ விலகிய தேதி வரிசையில் அடுக்கியிருக்கும். எனவே அவர் எப்போது விலகினார் என்பதை முதலில் குறுக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்குக் கணக்கெடுப்புதான் கருவி. 1881 ஏப்ரல் 3 கணக்கெடுப்பில் அவர் தொழில் என்ன என்று பாருங்கள். 1891 ஏப்ரல் 5 கணக்கெடுப்பில் 'போலீஸ் பென்ஷனர்' என்று இருந்தால் பத்து வருடமாகச் சுருங்கிவிட்டது. அப்புறம் கடைசிப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மூத்த பிள்ளைகளின் திருமணச் சான்றிதழ். இவற்றில் அப்பாவின் தொழில் எழுதியிருக்கும். ஒரு மகளின் திருமணத்தில் 'போலீஸ் கான்ஸ்டபிள்', அடுத்த மகனின் திருமணத்தில் 'பென்ஷனர்' அல்லது 'காவலாளி' என்று மாறினால் இடைவெளி ஓரிரு வருடமாகிவிடும். ஓய்வு பெற்றவர்கள் பலர் வங்கியிலோ கிடங்கிலோ காவல் வேலைக்குப் போனார்கள், அதனால் தொழில் மாறியதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1890 சட்டம்தான் 25 வருடப் பணிக்கு ஓய்வூதியத்தை உரிமையாக்கியது. அதற்கு முன் அது அதிகாரிகளின் முடிவைப் பொறுத்தது. 1890-ஐ ஒட்டி 25 வருடம் நிறைவாகிறவர் உங்கள் ஆள் என்பதால் அந்த வருடத்தையும் அடுத்த ஓரிரு வருடத்தையும் முதலில் பார்ப்பேன்.

அதே உத்தியை அவர் சேர்ந்த தேதியைக் குறுக்கவும் பயன்படுத்தலாம். அவர் 1866-இல் திருமணம் செய்தார் என்கிறீர்கள். திருமணம் செய்துகொள்ள கான்ஸ்டபிள் மேலதிகாரியின் அனுமதி பெற வேண்டும், எனவே அப்போது அவர் போலீஸுக்குள் கொஞ்சமாவது நிலைபெற்றிருப்பார். அதற்கு முன் திருமணமாகாத ஆட்களைப் போலீஸ் குடியிருப்பில், அவர்கள் 'செக்‌ஷன் ஹவுஸ்' என்பார்கள், தங்கவைப்பார்கள். திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளையின் முகவரி அப்படி ஒரு கட்டடமாக இருக்கலாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் சக கான்ஸ்டபிளாகவும் இருக்கலாம். முகவரி கிடைத்தால் பிரிவு கிடைக்கும்.

பிரிவு என்பது எழுத்து. வைட்ஹால் ஏ, லாம்பெத் எல், வைட்சாப்பல் ஹெச், ஸ்டெப்னி கே, கிரீனிச் ஆர் என்று. 1865-இல் டபிள்யூ, எக்ஸ், ஒய் பிரிவுகள் சேர்ந்தன. கான்ஸ்டபிளின் காலரில் பிரிவின் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: இந்தக் காலர் எண்ணும் வாரண்ட் எண்ணும் வேறு வேறு. பிரிவு மாறினால் காலர் எண் மாறும், பழைய எண் இன்னொருவருக்குப் போய்விடும். புகைப்படத்தில் பார்த்த காலர் எண்ணை வாரண்ட் எண் என்று நினைத்து நான் இரண்டு முழு நாள் தவறான பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன். வாரண்ட் எண் 1860-களிலேயே ஐந்து இலக்கம்; காலரில் இருப்பது மூன்று இலக்கத்துக்குள் இருக்கும்.

காலர் எண் தேவையில்லாதது என்று சொல்லவில்லை. ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்கு அறிக்கைகள் 1674 முதல் 1913 வரை முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சி சொன்ன போலீஸ்காரரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பிரிவும் எண்ணும் அச்சாகியிருக்கும். உங்கள் முன்னோரின் பெயரைப் போட்டு 1861 முதல் 1891 வரை தேடுங்கள். ஒரு திருடனைத் துரத்திப் பிடித்ததை அவரே தன் வாயால் சொன்னது நாலு வரியாவது கிடைத்தால், உதாரணமாக 1863-இல் அவர் ஏற்கெனவே பணியில் இருந்தார், இந்தப் பிரிவில் இருந்தார் என்று நிரூபணம் ஆகிவிடும். நூற்றைம்பது வருடத்துக்கு முன் பேசிய ஒரு சாதாரண மனிதரின் குரலை நாம் கேட்க முடிகிற இடம் அது ஒன்றுதான். எனக்கு அந்த அனுபவம் கிடைத்த நாளில் என் மருமகன் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்தது போலீஸ் உத்தரவுகள், மெபோ 7. தலைமையகத்திலிருந்து பிரிவுகளுக்குப் போன உத்தரவுத் தொகுப்பு. சேர்ந்தவர், மாற்றலானவர், பதவி உயர்ந்தவர், அபராதம் கட்டியவர், நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர் என எல்லாரும் அதில் வருவார்கள். கையால் புரட்டப் பொறுமை வேண்டும். அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்: ஓய்வூதியத் தாளிலிருந்து சேர்ந்த தேதி தெரிந்த பிறகு அந்த வாரத்து உத்தரவை மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அவரோடு அன்றைக்குச் சேர்ந்தவர்கள் யார் என்பது வரலாம். பெம்ப்ரோக் மாற்றலும் அதில் இருக்க வேண்டும். குழந்தை பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

ஒருவேளை விசில் அவருடையதல்ல, அவர் பணியிலேயே இறந்துவிட்டார் என்றால் மெபோ 4/2 பாருங்கள், 1829 முதல் 1889 வரை பணியில் இருக்கும்போது இறந்தவர்களின் பட்டியல். ஓய்வூதியம் இல்லாமல் விலகியிருந்தால் நிலைமை கொஞ்சம் கடினம், ஏனென்றால் விலகியோர் பதிவேடு, மெபோ 4/339 முதல், 1889 மார்ச்சில்தான் ஆரம்பிக்கிறது. அப்போது ஓல்ட் பெய்லியும் மெபோ 7-ம்தான் துணை.

'எப்படிச் சேர்ந்தார்' என்றும் கேட்டிருந்தீர்கள். தாள் கிடைக்காவிட்டாலும் நடைமுறை தெரியும். அப்போது கமிஷனர் ரிச்சர்ட் மெய்ன். 1829-இல் சார்ல்ஸ் ரோவனோடு சேர்ந்து தொடங்கியவர், 1868 டிசம்பரில் இறக்கும்வரை அவரே. விண்ணப்பிக்கிறவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக, நல்ல நடத்தைக்குச் சான்று உள்ளவராக இருக்க வேண்டும். தொடக்கத்தில் உயரம் குறைந்தது 5 அடி 7 அங்குலம், வயது 35-க்குள். பிற்காலத்தில் உயரம் கூடியது, வயது குறைந்தது. தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் அளந்து, மருத்துவர் பார்த்து, பிரமாணம் எடுக்கவைத்து, சில வாரம் டிரில் சொல்லிக்கொடுத்து, அனுபவமுள்ள ஒருவரோடு தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எசெக்ஸ் பண்ணைக்கூலி ஏன் போனார் என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 1829-இல் தொடங்கும்போதே கான்ஸ்டபிளின் சம்பளம் வாரம் 21 ஷில்லிங். தெற்கு, கிழக்கு இங்கிலாந்தின் பண்ணைக்கூலிக்கு அதில் பாதி சுமாராகத்தான் கிடைக்கும், அதுவும் பனிக்காலத்தில் வேலை இருக்கும் என்ற உறுதி இல்லை. இங்கே பனியோ மழையோ வாரக்கூலி நிற்காது, சீருடை தருவார்கள். போலீஸ் பக்கத்திலும் கிராமத்து ஆட்களைத்தான் விரும்பினார்கள்: உடல் பலம், வெளியில் நின்று பழக்கம், லண்டன் தெருவில் உறவும் நட்பும் இல்லாதது. ஆனால் வேலை கடுமை. வாராந்திர விடுமுறை சட்டமாக 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடி, இரவு ரோந்தில் தூக்கம் என்று பாதியில் போனவர்கள் ஏராளம். இருபது வருடம் தாக்குப்பிடித்தார் என்றால் அதை நீங்கள் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம். கான்ஸ்டபிளாகவே ஓய்வு பெற்றார், சார்ஜென்ட் ஆகவில்லை என்று யாராவது குறைவாகப் பேசினால் கேட்காதீர்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, அவர் லண்டன் வருவதற்கு முன் எசெக்ஸ் மாவட்டப் போலீஸில் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். அது 1840-லிருந்து இருக்கிறது. செம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸ் ஆவணக் காப்பகமும் எசெக்ஸ் போலீஸ் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒரு போலீஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது சாதாரணம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. இரண்டு, 1887-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். போலீஸ்காரர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை 1887-இல்தான் வந்தது.

வீட்டில் 'ஜாக் தி ரிப்பர் (கடைசிவரை பிடிபடாத தொடர் கொலையாளி) வழக்கில் இருந்தவர்' என்ற கதை இருந்தால், பல போலீஸ் குடும்பங்களில் இருக்கும், அவர் 1888 இலையுதிர் காலத்தில் வைட்சாப்பலின் ஹெச் பிரிவில் இருந்தாரா என்று ஓய்வூதியத் தாளும் 1888-இன் போலீஸ் உத்தரவுகளும் கிடைத்த பிறகு பாருங்கள். அதற்கு முன் குடும்ப மரத்தில் எழுதிவிடாதீர்கள்.

கியூவுக்குப் போவதானால் மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை எடுக்க வேண்டும், முகவரிச் சான்றோடு போங்கள். பேனா அனுமதியில்லை, பென்சில்தான். போவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை மூன்று: விசிலில் பொறித்திருப்பதை எழுத்து விடாமல் எழுதிவையுங்கள், தயாரிப்பாளரின் முகவரி உட்பட, அதை வைத்தே விசில் சேகரிப்பவர்கள் காலத்தைச் சொல்லிவிடுவார்கள். 1871, 1881, 1891 கணக்கெடுப்பு மூன்றின் படத்தையும் எடுத்துவையுங்கள். எழுத்துப் படியை நம்பாமல் படத்தையே பாருங்கள், பக்கத்து வீடுகளில் எத்தனை கான்ஸ்டபிள் என்பதும் உதவும். 1866 திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளையின் முகவரியையும் இரண்டு சாட்சிகளின் பெயரையும் இங்கே எழுதுங்கள், பிரிவைக் கண்டுபிடிக்க நான் உதவுகிறேன்.